கடிகாரம் யாருக்குத் தண்ணி இறைச்சுது?

எழுதி ரொம்ப நாளாச்சு. மாடல் எக்ஸாம், ரெக்கார்டு நோட்டு, ப்ராஜெக்ட் ரிவ்யூ என்று மூச்சு விட நேரமில்லை. இன்றைக்கும் பெரிதாக நேரம் கிடைத்துவிடவில்லை. ஆனால் "நேரம்" பற்றித்தான் ஒரு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது. நான் செய்த ஒரு தப்பும் இதில் உண்டு. வகுப்பில் பாதிப் பேருக்கு அது தெரியும், மீதிப் பேர் இங்கே தெரிந்துகொள்ளட்டும்.

விஷயம் இதுதான். ஒரு புரோகிராம் ஓடி முடிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று எப்படி அளப்பது? "இது ஒரு கேள்வியா? வாட்ச்சைப் பார்த்தால் போச்சு" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் மினி ப்ராஜெக்ட்டில் நானும் ஒரு தோழியும் ஜோடி. பஸ் நிறுத்தங்களைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் வைத்து நாங்களே ஒரு பெரிய வரைபடம் தயார் செய்தோம். எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தத்துக்கும் மிகக் குறைந்த தூர வழி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். டைக்ஸ்ட்ரா முறைதான், நாம் எல்லோரும் படித்தது. நான் சாதாரண அரே வைத்து எழுதினேன். அவள் ஹீப் வைத்து எழுதினாள். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினாள். "ரெண்டையும் ஓட்டிப் பாருங்க, எது வேகமோ அதை ரிவ்யூவுக்கு வைங்க" என்று சார் சொல்லிவிட்டார்.

அளக்கிற வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். அவளுடையதை ஒரு நாள் காலை 11 மணிக்கு லேப் சர்வரில் ஓட்டினேன். 41 விநாடி. என்னுடையதை அன்று ராத்திரி 8 மணிக்கு ஹாஸ்டலில் இருந்தபடியே அதே சர்வரில் ஓட்டினேன். 18 விநாடி. பாதிக்கும் குறைவு! எனக்கு ஒரே சந்தோஷம்.

சார் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "கோடுகள் குறைவா இருக்கிற வரைபடத்துல ஹீப்தானே ஜெயிக்கணும்?" என்றார். நான் விடவில்லை. "தியரி வேற, நடைமுறை வேற சார்" என்று ஒரு வசனம் விட்டேன். ரிப்போர்ட்டிலும் அதை ஒரு முழுப் பத்தியாக எழுதி வைத்தேன். என்னுடைய புரோகிராம் ரிவ்யூவுக்குப் போனது. அவளுடையது பின்னிணைப்பில் இரண்டு பக்கமாகச் சுருங்கியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. "41 ஆ? சரி" என்றாள். அவ்வளவுதான்.

இதை இங்கே நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் வருவோம். காரணம் இருக்கிறது.

எனக்கு ஊர் உப்பிலியபுரம். திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறினால் மண்ணச்சநல்லூர், புலிவலம், துறையூர் தாண்டி வரவேண்டும். துறையூரிலிருந்து தம்மம்பட்டி போகிற ரோட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை. புளியஞ்சோலைக்கு டூர் வந்தவர்களுக்கு எங்கள் ஊர் தெரிந்திருக்கும். டீ குடிக்க இறங்கியிருப்பீர்கள் :-)

ரோட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. பங்கு இரண்டு: அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும். காலை 6 முதல் 12 வரை ஒருவர் முறை, 12 முதல் 6 வரை அடுத்தவர் முறை. வாரத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வார்கள். தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான், சண்டையே வந்ததில்லை.

2012-ல் வந்தது. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு எப்படி இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்குக் காலை முறை வந்த வாரம், 6 மணி நேரத்தில் 4 மணி நேரம் கரண்ட் இருக்காது. வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. 12 மணி ஆனதும் பெரியப்பா வந்து மடையைத் தன் பக்கம் திருப்பிவிடுவார்.

"தண்ணியே வரலயேண்ணே" என்பார் அப்பா.

"அதுக்கு நான் என்னடா பண்றது? உன் நேரம் முடிஞ்சு போச்சு. கடிகாரத்தப் பாரு" என்பார் பெரியப்பா.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரியே இருக்கும். பேச்சு ஏறி ஏறி, ஒரு நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்று போனது. நானும் பெரியப்பா மகனும் பள்ளிக்கூடத்தில் மட்டும் திருட்டுத்தனமாகப் பேசிக்கொள்வோம்.

கடைசியில் அப்பாயி தலையிட்டார். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு மகன்களையும் களத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"கடிகாரம் யாருக்குடா தண்ணி இறைச்சுது? மோட்டாருதான இறைச்சுது? அப்பறம் கடிகாரத்த எதுக்குடா கணக்கு வெக்கிறீங்க?"

அன்றிலிருந்து கணக்கு மாறியது. ஆளுக்கு 6 மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். அது காலை 6-லிருந்து 12-க்குள் முடிந்தாலும் சரி, ராத்திரி 2 மணி வரை இழுத்தாலும் சரி. மோட்டார் ஓடின நேரம்தான் கணக்கு.

இப்போது சர்வருக்கு வருவோம். கணினியில் ப்ராசசர்தான் மோட்டார். ஒரு நேரத்தில் ஒரு கோர் ஒரு புரோகிராமைத்தான் ஓட்டும். ஐம்பது புரோகிராம் சேர்ந்து ஓடுகிற மாதிரி தெரிவது கர்னல் செய்கிற வேலை. கொஞ்ச நேரம் இவனுக்கு, கொஞ்ச நேரம் அவனுக்கு என்று மில்லிவிநாடிக் கணக்கில் மாற்றி மாற்றி விடும். முறைத் தண்ணீர்தான், மடை மட்டும் படுவேகமாகத் திரும்புகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவருடைய குழுவினரும் 1961-ல் இப்படி ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறையை இயக்கிக் காட்டினார்கள். பங்கு என்று வந்துவிட்டால் கணக்கும் வந்துவிடும். கிணறு ஒருத்தருக்கு மட்டும் சொந்தமாக இருந்திருந்தால் எங்கள் வீட்டில் கடிகாரப் பேச்சே எழுந்திருக்காது.

லினக்ஸில் ஒரு புரோகிராமை ஓட்டும்போது அதற்கு முன்னால் "டைம்" என்று அடித்து ஓட்டினால் முடிவில் மூன்று வரி வரும். ரியல், யூசர், சிஸ். எல்லோரும் பார்த்திருப்போம். என்னைப் போல முதல் வரியோடு நிறுத்தியிருப்போம்.

ரியல் என்பது சுவர்க் கடிகாரம். எண்டர் தட்டியதிலிருந்து முடிந்தது வரை கடந்த நேரம். அதற்குள் உங்கள் புரோகிராம் ஓடியும் இருக்கலாம், வரிசையில் நின்றும் இருக்கலாம், வட்டிலிருந்து ஃபைல் வருவதற்காகக் காத்துக்கொண்டும் இருக்கலாம். எல்லாம் சேர்ந்த மொத்தம் அது.

யூசர் என்பது நீங்கள் எழுதிய கோடும் அது கூப்பிட்ட லைப்ரரிகளும் ப்ராசசரில் உண்மையாகவே ஓடிய நேரம்.

சிஸ் என்பது உங்களுக்காகக் கர்னல் உழைத்த நேரம். ஃபைலைப் படி, மெமரி கொடு, நெட்வொர்க்கில் அனுப்பு என்று நீங்கள் கேட்டதையெல்லாம் செய்து கொடுக்க அது ப்ராசசரில் செலவழித்த நேரம். நம் வயலுக்கு மடை திருப்ப ஆள் வைத்தால் அந்தக் கூலியும் நம் கணக்குதானே? அது மாதிரி.

யூசரையும் சிஸ்ஸையும் கூட்டினால் அதுதான் மோட்டார் ஓடின நேரம். நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே சோதித்துப் பாருங்கள். "டைம் ஸ்லீப் 10" என்று அடியுங்கள். ரியல் 10 விநாடி காட்டும். யூசரும் சிஸ்ஸும் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். பத்து விநாடி தூங்கியவனுக்கு ப்ராசசரில் என்ன வேலை?

தலைகீழாகவும் நடக்கும். புரோகிராம் நான்கு த்ரெட்டாகப் பிரிந்து நான்கு கோரிலும் ஓடினால் ரியல் 5 விநாடியும் யூசர் 20 விநாடியும் காட்டும். "அஞ்சு செகண்டுல முடிஞ்ச வேலைக்கு இருபது செகண்ட் எப்படி?" என்று முதல்முறை பார்த்தபோது ஏதோ பக் என்று நினைத்தேன். கிணற்றில் நான்கு மோட்டார் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் மோட்டார்க் கணக்கு நான்கு மணி நேரம். அவ்வளவுதான்.

ரிவ்யூ முடிந்து இரண்டு நாள் கழித்து, ரிப்போர்ட்டில் ஒட்ட ஸ்கிரீன்ஷாட் தேடிக்கொண்டிருந்தேன். நான் ஓட்டியபோது வந்த வரிகள் அப்படியே ஒரு ஃபைலில் கிடந்தன. அன்றுதான் மூன்று வரியையும் படித்தேன்.

அவளுடையது: ரியல் 41.2, யூசர் 12.3, சிஸ் 0.6.

என்னுடையது: ரியல் 18.4, யூசர் 17.6, சிஸ் 0.3.

கூட்டிப் பாருங்கள். அவளுடைய புரோகிராம் ப்ராசசரில் ஓடியது 12.9 விநாடி. மீதி 28 விநாடிக்கு மேல் அது ஓடவே இல்லை. காலை 11 மணிக்கு ஜூனியர்கள் அறுபது பேர் அதே சர்வரில் கம்பைல் செய்துகொண்டிருந்தார்கள். நாலே நாலு கோர். அவள் புரோகிராம் வரிசையில் நின்றிருக்கிறது. என்னுடையது ராத்திரி 8 மணிக்கு ஆளில்லாத கடையில் போய் நின்ற உடனே டீ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. உழைப்பு என்று பார்த்தால் எனக்கு 17.9, அவளுக்கு 12.9. அவளுடையதுதான் வேகம். சாரின் தியரி சரி. என் நடைமுறைதான் தப்பு.

அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபைலை மூடிவிட்டேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ரிவ்யூ முடிந்துவிட்டது, மார்க்கும் போட்டாகிவிட்டது, அவளே ஒன்றும் கேட்கவில்லை, இனிமேல் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "உன் நேரம் முடிஞ்சு போச்சு, கடிகாரத்தப் பாரு" என்று பெரியப்பா சொன்னதைத்தான் நான் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அது உறைத்தபோது மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் முதலில் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த ஃபைலையே பார்த்தாள். "நீ ஓட்டுறப்போ நானும் பக்கத்துல உக்காந்திருக்கணும். என் தப்பும்தான்" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து போய் சாரிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "அளவு தப்புன்னா சொல்லிட்டுத் திரும்ப அள. ரெண்டையும் ஒரே நேரத்துல, ஒரே மெஷின்ல, பத்துப் பத்து தடவை ஓட்டிட்டு வா" என்றார்.

ஓட்டினோம். ராத்திரியில், மாற்றி மாற்றி, பத்துப் பத்து தடவை. யூசரும் சிஸ்ஸும் சேர்த்து நடு மதிப்பு அவளுக்கு 12.2, எனக்கு 17.7. இப்போது ரிப்போர்ட்டில் அவளுடைய புரோகிராம்தான் முதல் அத்தியாயம். "தியரி வேற, நடைமுறை வேற" பத்தியை நானே அடித்தேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? கூட்டத்தில் ஓட்டியபோது அவளுக்கு 12.9, கூட்டமில்லாதபோது 12.2. வரிசையில் நின்ற நேரம்தான் யூசரில் சேராதே, பிறகு ஏன் வித்தியாசம்? இதற்கும் எங்கள் கிணற்றில் பதில் உண்டு. வோல்டேஜ் குறைவாக இருந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் மட்டும் நூல் மாதிரி வரும். ப்ராசசரிலும் அப்படித்தான். பக்கத்துப் புரோகிராம்கள் கேஷ் மெமரியை நிரப்பிவிட்டால் நம் தரவு மறுபடி மறுபடி மெயின் மெமரியிலிருந்து வர வேண்டும். அந்தக் காத்திருப்பு ப்ராசசர் நேரத்திலேயே சேர்ந்துவிடும். தவிர, இன்றைய ப்ராசசர்கள் சூட்டையும் சுமையையும் பொறுத்துத் தங்கள் வேகத்தைத் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே ப்ராசசர் நேரம்கூடத் தராசுப்படிக்கல் ஆகாது. கடிகாரத்தைவிட நியாயமானது, அவ்வளவே. பத்து தடவை ஓட்டச் சொன்னது சும்மா இல்லை.

சரி, கர்னலுக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரிகிறது? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்பாயி தீர்ப்பு சொன்ன முதல் வாரம் நோட்டு எல்லாம் கிடையாது. அவர் களத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். துறையூர் - தம்மம்பட்டி பஸ் ரோட்டில் போகும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்வார். மோட்டார் சத்தம் கேட்டால், அடுத்த பஸ் வரும் வரைக்கும் உள்ள நேரம் முழுக்க முறைக்காரன் கணக்கு. கேட்காவிட்டால் கணக்கில்லை. ஒரு பஸ்ஸுக்கு ஒரு கல்லை எடுத்து வைப்பார்.

பழைய யூனிக்ஸ், லினக்ஸ் எல்லாம் இதைத்தான் செய்தன. டைமர் ஒன்று விநாடிக்கு 100 தடவை டிக் அடிக்கும். டிக் அடிக்கிற கணத்தில் எந்தப் புரோகிராம் ப்ராசசரில் இருக்கிறதோ, அந்த டிக் முழுவதும், அதாவது 10 மில்லிவிநாடி, அதன் தலையில் எழுதப்படும். லினக்ஸ் 2.6 வந்தபோது சாதாரண பி.சி.க்களில் இதை 1000 ஆக்கினார்கள், பிறகு 250-ஐ வழக்கமாக வைத்தார்கள். சராசரியில் கணக்கு ஓரளவு சரியாக வரும். ஆனால் ஓட்டை இருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவன் பெரியப்பா மகன். பஸ் ஹாரன் தூரத்தில் கேட்டதும் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவான். பஸ் போனதும் போடுவான். அப்பாயி கணக்கில் அந்த வாரம் பெரியப்பா வயலுக்குத் தண்ணீரே பாயவில்லை. வரப்பெல்லாம் மட்டும் சேறு :-) கண்டுபிடித்தபோது முதுகில் நாலு விழுந்தது.

2007-ல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் டான் ட்ஸாஃப்ரிர், யோவ் எட்சியான், டிரோர் ஃபைடெல்சன் என்ற மூன்று இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதே குறும்பைக் கணினியில் செய்து காட்டினார்கள். டிக் அடித்ததும் ஓட ஆரம்பித்து, அடுத்த டிக்குக்குச் சற்று முன்னால் தூங்கிவிடுகிற ஒரு புரோகிராம். ப்ராசசரில் பெரும்பகுதியை அதுவே சாப்பிடும், கணக்கில் ஒன்றுமே சாப்பிடாதது போலத் தெரியும். அட்மின் அதிகாரம் எதுவும் தேவையில்லை. அதைப் படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியப்பா மகனுக்கு போன் போட்டு, "டேய், நீ பண்ணதுக்கு வெளிநாட்டுல பேப்பர் போட்டிருக்காங்கடா" என்றேன்.

அதன்பிறகுதான் அப்பாயி நோட்டு வாங்கச் சொன்னார். நாற்பது பக்க நோட்டு, எழுதுகிற வேலை எனக்கு. மோட்டார் போட்ட உடனே மணி எழுத வேண்டும். நின்ற உடனே மணி எழுத வேண்டும். கழித்து வருவதை முறைக்காரர் பெயரில் கூட்ட வேண்டும். நான் எழுதியதை வாசித்துக் காட்டினால் அப்பாயி மனக்கணக்கிலேயே சரிபார்ப்பார்.

இன்றைய கர்னலும் இந்த நோட்டு முறையைத்தான் வைத்திருக்கிறது. 2007 அக்டோபரில் வந்த லினக்ஸ் 2.6.23-ல் புது ஷெட்யூலர் வந்தது. ஒரு புரோகிராமை ப்ராசசரில் ஏற்றும்போது ஒரு நேரம், இறக்கும்போது ஒரு நேரம், வித்தியாசத்தை நானோவிநாடியில் அதன் கணக்கில் கூட்டு. 2023-ல் வந்த 6.6 பதிப்பில் அந்த ஷெட்யூலருக்குப் பதில் வேறு ஒன்று வந்துவிட்டது. ஏற்று, இறக்கு, கூட்டு என்ற நோட்டு மட்டும் மாறவில்லை. எட்டு வயதில் நான் பார்த்த வேலை அதுதான் என்று தெரிந்த நாளிலிருந்து ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் எனக்குப் பயமே போய்விட்டது.

நீங்களும் ப்ராஜெக்ட்டில் அளக்க வேண்டியிருக்கும். நான் அடிபட்டுக் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. எதை அளக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆப்பைத் திறந்து காத்திருப்பவருக்கு ரியல்தான் முக்கியம். உங்கள் ப்ராசசர் நேரம் குறைவு என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்காது. இரண்டு அல்காரிதத்தை ஒப்பிட வேண்டுமென்றால் யூசரும் சிஸ்ஸும்.

2. சி மொழியில் "கிளாக்()" ஃபங்ஷன் ப்ராசசர் நேரத்தைத் தரும் என்று புத்தகத்தில் இருக்கும். லினக்ஸில் சரி. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலருடன் வருகிற அதே ஃபங்ஷன் சுவர்க் கடிகார நேரத்தைத் தருகிறது! வீட்டில் விண்டோஸ், லேபில் லினக்ஸ் என்று ஓட்டி இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடாதீர்கள். விண்டோஸில் ப்ராசசர் நேரத்துக்கு "கெட்ப்ராசஸ்டைம்ஸ்" இருக்கிறது.

3. பழைய 32 பிட் லினக்ஸில் "கிளாக்()" எண்ணிக்கை சுமார் 72 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவந்து பழைய எண்ணிலேயே நிற்கும். நீண்ட நேரம் ஓடுகிற வேலைக்கு "கெட்ஆர்யூசேஜ்" அல்லது "கிளாக்_கெட்டைம்" பயன்படுத்துங்கள். முதலாவது யூசரையும் சிஸ்ஸையும் பிரித்துக் கொடுக்கும். உங்கள் புரோகிராம் வேறு ப்ராசஸ்களைப் பெற்றுப் போட்டால் அவற்றின் கணக்கைத் தனியாகக் கேட்க வேண்டும்.

4. பைத்தான்காரர்கள்: பழைய "டைம்.கிளாக்" 3.8 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. ப்ராசசர் நேரத்துக்கு "ப்ராசஸ்_டைம்", கடந்த நேரத்துக்கு "பெர்ஃப்_கவுண்டர்".

5. ஒரு தடவை ஓட்டிவிட்டு ரிப்போர்ட் எழுதாதீர்கள். என் கதையைப் படித்த பிறகுமா எழுதுவீர்கள்?

இன்னொன்று. துவாக்குடியில் என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் "பரம் பொருள்" என்ற சூப்பர் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். 838 டெராஃபிளாப்ஸ், தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் வந்தது. இந்த மாதிரி பெரிய இயந்திரங்களில் பொதுவாகக் கணக்கு "கோர் மணி"யில் இருக்கும். எத்தனை கோர் உங்களுக்கென்று ஒதுக்கினார்களோ, அதை எத்தனை மணி நேரம் வைத்திருந்தீர்களோ, அந்தப் பெருக்கல். அங்கே உங்கள் புரோகிராம் தூங்கினாலும் கணக்கு ஓடும். ஏனென்றால் அந்த நேரத்தில் வேறு யாரும் அந்தக் கோரைத் தொட முடியாது. கிணற்றையே குத்தகைக்கு எடுத்துவிட்டு மோட்டாரைப் போடாமல் இருந்தால் குத்தகைப் பணம் குறையுமா? ஆக, எந்த நேரம் நியாயம் என்பது யாரோடு என்ன ஒப்பந்தம் என்பதையும் பொறுத்தது. பெரியப்பா பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்று அப்போது சொன்னேனே, அது இதுதான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மோட்டார் ரூமில் அந்த நோட்டைத் தேடினேன். பாதி கரையான் அரித்திருந்தது. மீதியில் என் கோணல் எழுத்து: போட்டது 6.10, நின்னது 7.25. அப்பா பெயருக்குக் கீழே ஒரு கூட்டல், பெரியப்பா பெயருக்குக் கீழே ஒரு கூட்டல். அப்பாயி இப்போது இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் இன்றைக்கும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

அதில் எழுதாத ஒரு பக்கத்தைக் கிழித்து எடுத்து வந்தேன். என் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த தடவை எதையாவது அளந்துவிட்டு "இவ மெதுவு, நான் வேகம்" என்று எழுதப் போகும்போது கண்ணில் படட்டும்.

சரி, நாளைக்கு லேப் இருக்கிறது. காலை 11 மணிக்கு. அறுபது பேர் கூட்டம். நான் அளக்கப் போவதில்லை :-)